கேதம் சொன்ன நேரம்

பதுளை டவுனில் மொஹிதீன் ஹாஜியாரின் கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படம் போட்டார்கள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பாதிச் சனம் அங்கேதான் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லொறி பிடித்து வந்திருந்தார்கள். கைக்குழந்தைகளைக்கூட விட்டுவரவில்லை.

பாக்கியலெட்சுமி இரண்டாம் வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். படம் எடுத்தவன் அவள் மகன் ஜீவன். கேமரா பிடித்தவன் ஹாஜியாரின் மகன் ஷிராஸ், கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன். கத்தியும் துப்பாக்கியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு ரவுடிப் படம். பெயர் 'அப்பன் பேர்'. ஒரு தோட்டத்துக்காரனைக் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிற கூட்டம் கொன்றுபோடுகிறது. அவன் பிள்ளையைத் தாய்மாமன் வளர்க்கிறான். பிள்ளை பெரியவனாகி, கொன்றவர்களைத் தேடிப் போகிறான். அவ்வளவுதான் கதை.

பாக்கியத்துக்கு ரவுடிப் படமென்றாலே ஆகாது. ஆனாலும் இந்தப் படத்துக்காக அவள் போன ஆறு வெள்ளிக்கிழமையும் விரதம் இருந்தாள். ஏனென்று சொல்கிறேன், கேளுங்கள்.

அவள் புருஷன் அழகுமலை செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மலையில் பாறைக்குக் கீழே மண்டை உடைந்து கிடந்தார். வழுக்கி விழுந்துவிட்டார் என்று தோட்டமே சொன்னது. அவளும் அதைத்தான் நம்பினாள். ஆனால் ஜீவனுக்குப் பதினோரு வயசானபோது, அவளுடைய அண்ணன் சிவஞானம் பையனைத் தனியே கூப்பிட்டு, "ஒங்கப்பன் வழுக்கி விழலடா. பெரகல பக்கத்துக் கசிப்புக் கூட்டம் அடிச்சுப் போட்டுட்டானுக" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பையனுக்கு ஒரு வெறி. பத்தொன்பது வயசில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பெரகல பஸ்ஸில் ஏறிவிட்டான். பாக்கியம் கொழுந்துக்கூடையோடு ஓடிப்போய் பஸ்ஸை மறித்து, ரோட்டுச் சேற்றில் விழுந்து அவன் காலைப் பிடித்துத்தான் இறக்கினாள். மறு வாரமே கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிவிட்டாள்.

கொழும்பிலிருந்து வந்து, "படம் எடுக்கப் போறேம்மா" என்று அவன் சொன்ன அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"எடு சாமி. அதுக்குள்ள எத்தன பேர வேணும்னாலும் வெட்டு, குத்து. வெளியில ஒருத்தரையும் தொட்டுறாத."

அதுதான் அவள் வேண்டுதல். அந்த வெறி இந்தப் படத்தோடு வடிந்துபோக வேண்டும். புருஷன் போனது போகட்டும், பிள்ளை கொலைகாரனாகிவிடக் கூடாது.

முதல் வரிசையில், அவளுக்கு நேர் முன்னால், அண்ணன் சிவஞானம் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கழுத்தில் ஷிராஸ் போட்ட மாலை. படத்தில் தாய்மாமன் அவர்தான். நடிக்கவே வேண்டியிருக்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். தங்கச்சி பிள்ளைக்காகக் கல்யாணமே கட்டாமல் இருந்த மனுஷன். பையனைத் தோளில் தூக்கிக்கொண்டே கவ்வாத்துக்குப் போனவர். அவர் திரையில் வந்தபோதெல்லாம் தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற பொடியன்கள் விசிலடித்தார்கள்.

"மாமா, அழுகைக்குக் கிளிசரின் போட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"போடா! கிளிசரினா? ஒரே தடவையில அழுதேன். இவனுக கேமராவ ஒழுங்காப் பிடிக்காம ரெண்டாந்தரம் அழ வச்சானுக" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

படம் பாதிக்கு வந்தது. அப்பன் செத்த காட்சி. அடுத்து கேதம் சொல்கிற காட்சி. சாவுச் செய்தியைத்தான் நம்மவர்கள் கேதம் என்பார்கள். அதைச் சொல்லப் போகிறவனுக்கு ஒரு முறை உண்டு. எந்த வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்கமாட்டான். உட்காரமாட்டான். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டான். வாசலில் நின்று செத்தவர் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவான். அந்தக் காட்சிக்கு ஜீவன் நடிகர் யாரையும் போடவில்லை. தெமோதரையில் இருக்கிற ரெங்கம்மாவையே அவள் வீட்டு வாசலில் உட்காரவைத்து, அழகுமலை செத்தபோது தனக்குக் கேதம் வந்த கதையைப் பேசச் சொல்லிவிட்டான். ரெங்கம்மா பாக்கியத்துக்கும் சிவஞானத்துக்கும் சின்னம்மா முறை. முழங்கால் வலியில் படம் பார்க்க வர முடியவில்லை.

திரை முழுக்க ரெங்கம்மாவின் முகம் வந்தது. மண்டபம் கலகலத்தது. "அடியே, நம்ம ரெங்கம்மா!"

"அன்னைக்கா?" என்றாள் திரையில் ரெங்கம்மா. "அன்னைக்கு இன்னும் பேக்டரிச் சங்கு ஊதல சாமி. இருட்டு கலையல. பெரட்டுல பேர் குடுக்கப் போகணுமேன்னு அடுப்புல தண்ணி வச்சுட்டுக் கதவத் தொறக்குறேன், சிவஞானம் நிக்கிறான். பனியில நனைஞ்ச கோழிக்குஞ்சாட்டம் நடுங்குறான். உள்ள வாடாங்குறேன், வரல. ஒக்காருடாங்குறேன், ஒக்காரல. தேத்தண்ணிய நீட்டுறேன், கையப் பின்னால கட்டிக்கிட்டான். கேதமாடா, யாருடா போயிட்டான்னேன். 'மச்சான்'னான். வேற ஒண்ணும் சொல்லல. அப்பிடியே திரும்பிப் போயிட்டான்."

கோழிக்குஞ்சு என்றதும் சிரித்தவர்கள், மச்சான் என்றதும் அடங்கிவிட்டார்கள். பிறகு கை தட்டினார்கள். பாக்கியமும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

துடைத்த கை பாதியில் நின்றது.

சங்கு ஊதல என்கிறாளே சின்னம்மா?

மனசு தானாக அந்த நாளுக்குப் போயிற்று. முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் போனவர் வீடு திரும்பவில்லை. மேல் டிவிசனில் திருவிழாக் கூட்டம் இருந்தது, அங்கேயே படுத்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். காலையில் சங்கு ஊதியதும் ஐந்து வயசு ஜீவனைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். பத்து மணிக்குக் கொழுந்தை எடை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் வரிசை பாறைக்குக் கீழே இறங்கியது. முதலில் போனவள் கூடையைப் போட்டுவிட்டு அலறினாள். மூன்றாவதாக நின்றவள் பாக்கியம். அந்த அலறல் வரைக்கும் அழகுமலை செத்தது உலகத்தில் ஒரு உயிருக்கும் தெரியாது.

தெமோதரைக்குக் குறுக்குவழியில் நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும்.

அப்படியென்றால், சங்கு ஊதுமுன்னே ரெங்கம்மா வாசலில் நின்றவனுக்கு யார் சொன்னது?

அவள் காதில் படத்தின் சத்தம் விழவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன, பொடியன்கள் கூச்சலிட்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் அண்ணனின் பிடரி இருந்தது. மாலைக்கும் முடிக்கும் நடுவில் கொஞ்சம் தோல். அந்தப் பிடரி வியர்த்திருந்தது. இத்தனை நேரம் இப்படியும் அப்படியும் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷன் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இருபத்திரண்டு வருஷம் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். காய்ச்சலில் கிடந்தால் கால் பிடித்துவிட்டிருக்கிறாள். கும்பிடுகிற சாமிகளில் ஒருத்தராக வைத்திருந்தாள்.

ஜீவன் எங்கே? முதலில் அதைத்தான் தேடினாள். அவனுக்கு இது விளங்கியிருக்குமோ? விளங்கக் கூடாதே, முருகா.

திரைக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றான். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சனத்தைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிமைக்காமல், எவ்வளவு நேரமாகவோ.

விளக்குகள் எரிந்தன. இடைவேளை. ஹாஜியார் எல்லாருக்கும் வடையும் தேத்தண்ணியும் ஏற்பாடு செய்திருந்தார். ஜீவன் வந்து அவள் கையைப் பிடித்து, மண்டபத்துக்குப் பின்னால், பிரியாணிச் சட்டிகள் கவிழ்த்து வைத்திருந்த இடத்துக்குக் கூட்டிப் போனான்.

"வெளங்கிருச்சா?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்கும் ஒடனே வெளங்கலம்மா. அம்மாயி பேசப் பேச நான் கேமராவுக்குப் பின்னால நின்னு அழுதுகிட்டிருந்தேன். கொழும்புக்குப் போயி படத்த வெட்டி ஒட்டுறப்பதான் மண்டையில ஏறிச்சு. பத்து மணி நிறுவைக்குப் பெறகுதான் ஒங்கப்பாவக் கண்டோம்னு நீ எத்தன தரம் சொல்லியிருக்க."

"எப்பத்துலருந்துடா தெரியும்?"

"ஏழு மாசமா."

"ஏழு மாசமா? அவருகூட ஒரே தட்டுல சாப்பிட்டியேடா! போன தீபாவளிக்குக் கால்ல விழுந்து கும்பிட்டியே!"

"ஒன் கால்லயுந்தான் விழுந்தேன்" என்றான் ஜீவன்.

அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ எப்பப் பாத்தாலும் வழுக்கித்தான் விழுந்தாரு, விட்டுரு, விட்டுருன்னுதானே சொன்ன. அண்ணனக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொல்றியோன்னு நெனச்சேன். ஒனக்கும் தெரியுமோன்னு... சேந்துதான் செஞ்சீங்களோன்னுகூட நெனச்சேம்மா. யாருகிட்டப் போயிக் கேக்குறது? அதான் அந்த எடத்த அப்பிடியே படத்துல விட்டேன். மூஞ்சி பொய் சொல்லாதுல்ல. அம்மாயி பேசி முடிக்கிற வரைக்கும் ஒன்னையத்தான் பாத்தேன்."

பிள்ளைகளே, புருஷனைக் கொன்றவன் கூடப்பிறந்தவன் என்று தெரிந்தபோது அவளுக்குக் காலடி நிலம்தான் ஆடியது. இதைக் கேட்டபோது நிற்க நிலமே இல்லை. பெற்ற பிள்ளை, இத்தனை மாசம், அவள் ஊட்டிவிட்ட சோற்றை இந்தச் சந்தேகத்தோடு விழுங்கியிருக்கிறான். அவனை அறையத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"என்னையாடா? என்னையா?"

"இப்ப தெளிஞ்சிருச்சும்மா. மன்னிச்சுக்க." அவன் குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "நீ படம் முடிஞ்சதும் எல்லாரோடயும் லொறியில வீட்டுக்குப் போ. மாமாவக் கூட்டிக்கிட்டு நான் துன்ஹிந்தைக்குப் போறேன். அருவிப் பக்கம் ஒரு ஷாட் பாக்கியிருக்கு."

"படந்தான் எடுத்து முடிஞ்சிருச்சேடா. சனமெல்லாம் பாத்துக்கிட்டிருக்கே. இன்னும் என்னா ஷாட்டு?"

அன்றைக்குப் பெரகல பஸ்ஸில் அவன் கண் சிவந்திருந்தது, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒன்றுமில்லை. கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வருகிறேன் என்கிறவன் முகம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள். பஸ்ஸை மறித்த மாதிரி இதை மறிக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. இன்றைக்குக் காலைப் பிடித்தால் நாளைக்குப் போவான். நாளைக்கு அழுதால் அடுத்த மாசம் போவான். ஏழு மாசம் பொறுத்தவன் ஆயிற்றே.

அவள் திரும்பி மண்டபத்துக்குள் நடந்தாள்.

சிவஞானத்தைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. கையில் கடிக்காத வடை. "மாமா, அடுத்த படத்துல ஒங்களுக்கு ஜோடி யாரு?" என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாக்கியம் வருவதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கிவிட்டது.

"அண்ணே" என்றாள். "நீ சின்னம்மா வாசல்ல எத்தன மணிக்கு நின்ன?"

"எந்த... அதுவா? சின்னம்மாவுக்கு எம்பது வயசாச்சு தங்கச்சி. என்னமோ ஒளறுது. நான் மத்தியானந்தானே போனேன். ஒனக்கு ஞாபகமில்லையா?"

பக்கத்தில் நின்றவர்கள் விளங்காமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அன்றைக்கு அவளுக்குப் பின்னால் நின்று கொழுந்து எடுத்த ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி. நேரம் சின்னம்மாவுக்குத் தப்பாவே இருக்கட்டும்" என்றாள் பாக்கியம். "மத்தியானம் நீ எங்கயும் போகல. பொணத்த எடுக்குற வரைக்கும் நீ என் பக்கத்துலதான் நின்ன. தெமோதரைக்குக் கேதம் சொல்லத் தோட்டத்துல ஒருத்தரையும் அனுப்பல. சின்னம்மா தானா வந்து சேந்துச்சு. எப்பிடித் தெரிஞ்சதுன்னு அன்னைக்கு நான் கேக்கல. கேக்குற நெலமையிலயா இருந்தேன்? இப்பக் கேக்குறேன். நீ ஏன் அந்த வீட்டுக்குள்ள போகல? குடுத்த தேத்தண்ணிய ஏன் வாங்கல?"

வடை கீழே விழுந்தது.

"சொல்லுண்ணே. கைய ஏன் பின்னால கட்டிக்கிட்ட?"

மண்டபத்தில் ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. ஹாஜியார் ஒரு கிளாஸ் தண்ணீரோடு ஓடிவந்து, "தங்கச்சி, முதல்ல உக்காருங்கோ" என்றவர் பாதியில் நின்றுவிட்டார்.

சிவஞானம் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். அந்த மாலைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"ராத்திரி அங்கதான் படுத்திருந்தேன்னு சின்னம்மாவச் சொல்ல வைக்கலாம்னுதான் போனேன்" என்றார். "அதுக்காகத்தான் இருட்டுல நடந்தேன். உள்ள போயிப் படுத்திருந்தா முடிஞ்சிருக்கும். வாசப்படியில கால வைக்க முடியல தாயி. அவரத் தூக்குன கையி. அந்தக் கையால எப்பிடித் தேத்தண்ணி வாங்குறது? சின்னம்மா கேதமாடான்னு கேட்டுட்டா. வாய் தானா சொல்லிருச்சு."

"என்னா செஞ்ச அவர?"

"பீலிக்கு மேல நான் கசிப்புக் காச்சினேன். பெரகல கூட்டத்துக்கு. மச்சான் வந்து பானைய ஒடச்சாரு. ஒந்தங்கச்சி மூஞ்சிக்காகப் பாக்குறேன், இல்லாட்டி நாளைக்கே போலீசுன்னாரு. ஒரு தள்ளு தள்ளினேன். ஒரே தள்ளு. கல்லு இருந்துச்சு. தூக்கிப் பாத்தேன், தல நிக்கல. பாறைக்கிட்டத் தூக்கிக்கிட்டுப் போயிப் போட்டேன்."

யாரோ ஒருத்தன் போனை உயர்த்திப் படம் பிடித்தான். ஷிராஸ் எட்டிப் பாய்ந்து அந்தப் போனைக் கீழே அழுத்தினான். "எடுக்கப் படாது! இது படம் இல்ல!" என்று கத்தினான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

பாக்கியம் இன்னும் அழவில்லை. "அது கெடக்கட்டும்" என்றாள். "கூட்டம் கொன்னுருச்சுன்னு என் புள்ளைக்கிட்ட ஏண்டா சொன்ன?" அண்ணனை அவள் 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "நான்தான் வழுக்கி விழுந்தாருன்னு சொல்லிக்கிட்டிருந்தேனே. என் புள்ளைய எதுக்குக் கத்தி தூக்க வச்ச?"

"நீ அப்பிடிச் சொல்றப்பல்லாம் அவன் திரும்பி என்னையப் பாப்பான். சின்னப் புள்ளதான், சும்மா பாப்பான். எனக்குப் பயமாப் போச்சு. வேற யாரையாவது காட்டிவிட்டா என்னையப் பாக்க மாட்டான்னு..."

கூட்டம் விலகியது. ஜீவன் வந்து நின்றான். முகத்திலிருந்த அமைதி கிழிந்துபோயிருந்தது. மாமாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

"ஏம்மா இங்க வச்சுக் கேட்ட? எத்தன பேரு நிக்கிறாங்க! என்கிட்ட விட்டிருக்கலாமேம்மா! செத்தவரு என் அப்பா!"

"ஒன்கிட்ட விட்டா எனக்கு யாருடா மிஞ்சுவா?" என்றாள் பாக்கியம். "இத்தன பேருக்குத் தெரியணும். ஒனக்கும் எனக்கும் நடுவுல மட்டும் கெடந்துச்சுன்னா நீ அருவிக்குத்தான் போவ. எந்திரி அண்ணே. போலீசுக்குப் போவோம்."

சிவஞானம் எழுந்தார். அவள் ஒரு கையால் அவர் மணிக்கட்டையும் மறு கையால் ஜீவன் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கினாள். ஜீவன் இரண்டு தரம் கையை உதறப் பார்த்தான். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளின விரல்கள், அதிலிருந்து சுலபத்தில் உருவிவிட முடியுமா? டவுனில் வெயில் அடித்தது. கடைவாசல்களில் நின்றவர்கள், படம் பார்த்துவிட்டுக் குடும்பமாகப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பின்னால் ஹாஜியாரும் ஷிராஸும் வந்தார்கள். அதற்கும் பின்னால் பாதி லயம் சத்தமில்லாமல் வந்தது.

ஸ்டேசனில் இருந்த அதிகாரி சிங்களத்தில்தான் பேசினார். ஹாஜியார் எடுத்துச் சொன்னார். அதிகாரி முதலில் நம்பவில்லை. சிவஞானமே இரண்டாம் தரம் சொன்ன பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். முறைப்பாட்டை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். அங்கே அந்த நேரம் தமிழ் எழுதுகிறவர் யாருமில்லை. பாக்கியத்துக்குக் கையெழுத்துக்கு மேல் தெரியாது. கொழும்பில் எட்டு வருஷம் இருந்த ஜீவனுக்குச் சிங்களம் எழுத வரும்.

அவள் அவன் மணிக்கட்டை விட்டாள். அந்த இடம் சிவந்து தடித்திருந்தது. பேனாவை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

அவன் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்தான். பேனாவைப் பார்த்தான். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினான். தன் பெயர். தோட்டத்தின் பெயர். அப்பா பெயர். அதற்குமேல் கை ஓடவில்லை.

"அம்மா" என்றான். பதினோரு வயசுப் பிள்ளையின் குரல் அது. "மாமான்னு போடவா, பேரப் போடவா?"

பெஞ்சிலிருந்து ஒரு விம்மல் வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டையும் போடு" என்றாள். "படிக்கிறவங்களுக்கு வெளங்கணும்."

அவன் எழுதினான். கடைசி வரி வரைக்கும் அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பேனாவை மேசையில் வைத்த பிறகுதான், இருபத்திரண்டு வருஷத்து அழுகையை ஸ்டேசன் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள்.